கீழ்த்தளத்தில் இருப்பவர்கள்

(ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கனடாவுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களைப் பேஸ்மென்டில் கழிக்காதவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால், இந்த மண்டபத்தில் மிகச் சில கைகள்தான் எழும். வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பேஸ்மென்ட். பிறகு மிச்சம் பிடித்து ஒரு வீட்டை வாங்கியதும், மோர்ட்கேஜ் கட்டுவதற்காக இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டதும் பேஸ்மென்ட். ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட அம்மா அப்பாவுக்கு, தனி அறையும் தனிக் குளியலறையும் இருக்கிறதே என்று ஒதுக்கிக் கொடுத்ததும் அதுதான். ரியூசன் வகுப்பு, மிருதங்க வகுப்பு, பிறந்தநாள் கொண்டாட்டம் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஆகவே நிலத்திலிருந்து வந்து பேஸ்மென்டில் தேங்கும் ரேடன் என்ற வாயுவைப் பற்றி இந்த நாட்டில் வேறு பலரைவிட எங்களுக்குக் கூடுதலான அக்கறை இருக்க வேண்டும்.

நான் வைத்தியன் அல்லன். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். அதனால் ரேடன் உண்டாக்கும் நுரையீரல் புற்றைவிட வாயுவைப் பற்றியே அதிகம் கதைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடனின் கதை யுரேனியத்தில் தொடங்குகிறது. யுரேனியம் சுரங்கத்தில் மட்டும் கிடைப்பது அல்ல. சாதாரண மண்ணிலும் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் அளவில் அது கலந்திருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். மெல்ல மெல்லச் சிதைந்து, பல படிகள் கடந்து ரேடியமாகிறது. ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டுகள். ரேடியம் சிதைந்தால் ரேடன் பிறக்கிறது. இந்தச் சங்கிலியில் ரேடனுக்கு முன்னால் வருபவை எல்லாம் திண்மங்கள். பிறந்த கல்லுக்குள்ளேயே கிடப்பவை. ரேடனுக்குப் பின்னால் வருபவையும் திண்மங்கள்தான். நடுவில் இது ஒன்று மட்டும் வாயு. அதுவும் சடத்துவ வாயு; எதனோடும் சேராது, சாதாரண வடிகட்டி எதிலும் நிற்காது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. அரைவாழ்வு 3.8 நாள். மண்ணின் இடுக்குகள் வழியே நகர்ந்து மேலே வர அந்த நேரம் போதும்.

இதை அளக்கும் அலகு பெக்கரல். ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். கனடாச் சுகாதாரத் திணைக்களம் வீட்டுக் காற்றுக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு, கன மீற்றருக்கு 200 பெக்கரல். முன்பு இது 800 ஆக இருந்தது. 2007 இல் 200 ஆகக் குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் 100 என்று சொன்னது; அது முடியாத நாடுகள் 300 ஐத் தாண்டவேண்டாம் என்றது.

பழைய பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 200 பெக்கரல் என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை ரேடன் அணுக்கள் இருக்கும்? அரைவாழ்விலிருந்து கணித்தால் சுமார் ஒன்பதரைக் கோடி. பெரிய எண் போலத் தெரிகிறது அல்லவா? அதே கன மீற்றரில் இருக்கும் மற்ற வாயு மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால், சுமார் இரண்டாயிரத்து அறுநூறு கோடி கோடிக்கு ஒன்று என்ற கணக்கு வருகிறது. உங்கள் வீட்டில் ஒட்சிசன் குறைவதும் இல்லை, தலை சுற்றுவதும் இல்லை. மூச்சு முட்டவைக்கும் காபன் மொனொக்சைட்டைப் போன்ற நஞ்சு அல்ல இது. ஆனால் முப்பது கன மீற்றர் கொண்ட ஒரு சிறிய படுக்கையறையில், நீங்கள் நித்திரை கொள்ளும்போது ஒவ்வொரு செக்கனும் ஆறாயிரம் ரேடன் அணுக்கள் வெடித்துக்கொண்டிருக்கும்.

உள்ளே போன ரேடனில் பெரும்பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியே வந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். கெடுதல் செய்பவை அதன் பிள்ளைகள். ரேடன் சிதைந்து பொலோனியம்-218 ஆகிறது. மூன்று நிமிட அரைவாழ்வு. அது ஈயமாகி, பிஸ்மத்தாகி, பொலோனியம்-214 ஆகிறது. அதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆயுள் இல்லை. இவை வாயுக்கள் அல்ல, உலோகங்கள். காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படியும். இரண்டு பொலோனியங்களும் அல்பா துணிக்கைகளை வெளியிடும். ஒரு கடதாசித் தாள் அல்பாவைத் தடுத்துவிடும் என்று வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சரிதான். உடம்புக்கு வெளியே இருந்தால் தோலின் இறந்த படையே போதும். ஆனால் மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில் அப்படி ஓர் இறந்த படை இல்லை. அல்பா அங்கே பாய்வது ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் நாலு முதல் ஏழு பங்கு தூரம். புதுப் புதுக் கலங்கள் பிறக்கும் அடியிலுள்ள படை சரியாக அந்தத் தூரத்துக்குள் இருக்கிறது. அந்தக் கலத்தின் டீ.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் அறுந்து, பிழையாக ஒட்டப்பட்டால், பல வருடங்கள் கழித்து அதிலிருந்து புற்றுநோய் தொடங்கலாம். தொடங்காமலும் போகலாம். இது சீட்டுக் குலுக்கல். செறிவும் வருடங்களும் கூடக்கூட உங்கள் பெயரில் விழும் சீட்டுகளும் கூடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை வெள்ளிச் சுரங்கங்களில் தொடங்குகிறது. ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையில் எர்ஸ்கெபிர்கே என்றொரு மலைத்தொடர். ஜெர்மன் பக்கம் ஷ்னீபெர்க், செக் பக்கம் யாகிமோவ். யாகிமோவில் வைத்தியராக இருந்த கியோர்கியுஸ் அக்ரிகோலா எழுதிய சுரங்கத் தொழில் நூல் 1556 இல் வெளிவந்தது. கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை மணந்து ஏழு பேரையும் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள் என்று அதில் அவர் எழுதினார். கல் தூசியும் காசமும் அதில் பங்கு வகித்திருக்கும். எல்லாவற்றையும் ரேடனின் தலையில் போடமுடியாது. 1879 இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரண்டு வைத்தியர்கள் ஷ்னீபெர்க் தொழிலாளரின் உடல்களை அறுத்துப் பார்த்து, இது நுரையீரலில் வளரும் புற்று என்றார்கள். அப்போது ரேடன் என்ற மூலகம் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. யாகிமோவின் கறுப்புத் தாதுவிலிருந்துதான் கியூரி தம்பதியர் 1898 இல் ரேடியத்தைக் கண்டார்கள். ரேடியத்திலிருந்து வாயு ஒன்று வெளிவருவதை 1900 இல் டோர்ன் என்ற பௌதிகவியலாளர் கண்டார். அதே யாகிமோவுக்கு இன்றும் மூட்டு வலிக்காரர்கள் ரேடன் நீரில் குளிக்கப் போகிறார்கள். மனிதர் விசித்திரமானவர்கள், இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஆனந்த குமாரசுவாமியை நீங்கள் நடராஜர் சிற்பத்துக்கும் கலை வரலாற்றுக்கும் அறிவீர்கள். அவர் முதலில் ஒரு புவியியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தபோது, சப்ரகமுவவில் கிடைத்த கனமான கறுப்புப் படிகம் ஒன்றை அவர் 1904 இல் கண்டு இலண்டனுக்கு அனுப்பினார். அதற்குத் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். மறுவருடம் இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் அந்த இலங்கைத் தாதுவிலிருந்து பிரித்த பொருளில் வேலை செய்தபோது, ரேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். பிற்காலத்தில் அணுப் பிளவைக் கண்டுபிடித்த அதே ஹான்தான். ரேடியோதோரியம் இரண்டு படி சிதைந்தால் தோரன் வரும். தோரன் என்பது ரேடனின் இன்னொரு வடிவம். குமாரசுவாமியைப் பற்றிப் பேசும் எங்கள் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை. அதனால் சொன்னேன்.

கனடாவின் பங்குக்கு வருவோம். நியூபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையில் சென்ட் லோரன்ஸ் என்ற சிற்றூர். அங்கே 1933 இல் தொடங்கியது யுரேனியச் சுரங்கம் அல்ல. உருக்கு ஆலைகளுக்கு வேண்டிய புளுவர்ஸ்பார் கனியச் சுரங்கம். அந்த ஆண்களும் நுரையீரல் புற்றால் வரிசையாகச் செத்தார்கள். 1959 இல் அளந்து பார்த்தபோது சுரங்கக் காற்றில் ரேடன் நிறைந்திருந்தது. பாறை வெடிப்புகளின் வழியே கசிந்த நிலத்தடி நீர்தான் அதைச் சுமந்து வந்தது. யுரேனியத்தைத் தேடாத இடத்திலும் ரேடன் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு ஒன்ராறியோவின் எலியட் லேக். இது யுரேனியச் சுரங்கம்தான். 1974 இல் தொழிலாளர்கள் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டார்கள்: தங்களிடையே நுரையீரல் புற்று அதிகம் என்ற கணக்கை அரசாங்க ஆய்வாளர்கள் பிரான்சின் போர்தோ நகர மாநாட்டில் வாசித்திருக்கிறார்கள், சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கருவிகளைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்திலிருந்து, சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பை விசாரித்த ஹாம் ஆணைக்குழு. ஆணைக்குழுவின் அறிக்கையிலிருந்து, எழுபதுகளின் இறுதியில் இந்த மாகாணத்தின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம். ஃபக்டரியில் வேலை செய்யும் உங்களில் பலர், 'இது ஆபத்தான வேலை, செய்யமாட்டேன்' என்று மேற்பார்வையாளரிடம் சொல்லும் உரிமையைப் பற்றிப் பயிற்சி எடுத்திருப்பீர்கள். அந்த உரிமைக்குப் பின்னால் ரேடனைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள்.

சுரங்கம் சரி, வீட்டுக்குள் எப்படி வந்தது? சுவீடனில் பெங்ட் ஹல்ட்குவிஸ்ட் என்பவர் 1956 இலேயே வீடுகளில் ரேடனை அளந்து வெளியிட்டார். அந்த நாட்டில் 1929 முதல் 1975 வரை ஒருவகைப் பாறையைச் சுட்டு நீலநிறக் கொங்கிறீட் கற்கள் செய்தார்கள். அந்தப் பாறையில் யுரேனியம் அதிகம். வீட்டுச் சுவரே ரேடனை விட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுதியதை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்கா கண்ணைத் திறந்தது 1984 டிசம்பரில். பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாற்ராஸ் என்ற பொறியியலாளர் வேலை செய்தார். நிலையம் இன்னும் வணிக உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. ஆனால் அவர் கடக்கும்போதெல்லாம் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவி அலறியது. ஒருநாள் காலையில் வேலைக்குள் போகாமல், வந்தவுடனேயே வெளியேறும் பக்கத்துக் கருவியில் ஏறி நின்றார். அப்போதும் அலறியது. ஆலையிலிருந்து அவர் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டிலிருந்துதான் ஆலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். வீட்டை அளந்தார்கள்: கன மீற்றருக்கு ஒரு இலட்சம் பெக்கரல் அளவில் இருந்தது. கனடாவின் வழிகாட்டல் அளவைப்போல் ஐந்நூறு மடங்கு. குடும்பம் சில மாதம் வெளியேறியிருந்து, வீட்டைத் திருத்தியபின் திரும்பி வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று: பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. நிலத்தின் வெடிப்பு எங்கே ஓடுகிறது, அத்திவாரத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். 'பக்கத்து வீட்டில் அளந்தவை, அங்கே ஒன்றுமில்லை' என்ற கதை ரேடனுக்குப் பொருந்தாது.

இனி வருவது விவாதம். சுரங்கத்தில் ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில் பெக்கரல். வீட்டில் நூறு இருநூறு. சுரங்கக் கணக்கை வீட்டுக்கு இழுத்து நீட்டலாமா? நியாயமான கேள்வி. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் பெர்னார்ட் கோஹென் 1995 இல் அமெரிக்க மாவட்டங்களை வரிசைப்படுத்தி, ரேடன் கூடிய மாவட்டங்களில் நுரையீரல் புற்று குறைவு என்றே காட்டினார். என் போன்ற பௌதிகக்காரர்கள் பலருக்கு அது இனித்தது. ஆனால் மாவட்டத்தின் சராசரி என்பது எந்தத் தனி மனிதருடைய நுரையீரலும் அல்ல. எங்கே அதிகம் பேர் சிகரெட் பிடிக்கிறார்களோ அங்கே ரேடன் குறைவாக இருந்தால் படம் தலைகீழாகத் தெரியும், அதுதான் நடந்தது.

சரியான வழி, நோய் வந்தவர் ஒவ்வொருவரும் குடியிருந்த வீட்டுக்குப் போய் அளப்பது. நோய் வராதவர் வீட்டிலும் அளப்பது. இருவரும் எவ்வளவு புகைத்தார்கள் என்று கேட்பது. ஐயோவாவில் இருபது வருடமாவது ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்களை எடுத்து இப்படிச் செய்தார்கள். ஐரோப்பாவின் பதின்மூன்று ஆய்வுகளைச் சேர்த்து, சேரா டார்பி தலைமையிலான குழு 2005 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியிட்டது: நோயாளிகள் 7,148 பேர், ஒப்பீட்டுக்கு 14,208 பேர். நீண்டகாலச் சராசரி ரேடன் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 வீதம் கூடுகிறது. இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் எல்லைக்கோடு தென்படவில்லை.

16 வீதம் என்றால் எதன் 16 வீதம்? பத்திரிகைகள் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் போடும். அதே ஆய்வு தந்த கணக்கை ஆயிரம் பேருக்குச் சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் புகைக்காத ஆயிரம் பேரில், ரேடனே இல்லாவிட்டால், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறப்பவர்கள் நாலு பேர். 100 பெக்கரலில் ஐந்து பேர். 400 இல் ஏழு பேர். இனித் தொடர்ந்து சிகரெட் பிடிக்கும் ஆயிரம் பேர்: ரேடன் இல்லாவிட்டால் நூறு பேர் அளவில். 100 பெக்கரலில் நூற்றிருபது. 400 இல் நூற்றறுபது. புகையும் ரேடனும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, ஏறத்தாழப் பெருகுகின்றன. ரேடனால் வரும் நுரையீரல் புற்றில் பெரும்பகுதி புகைப்பவர்களுக்கும் முன்பு புகைத்தவர்களுக்கும்தான் வருகிறது. அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனத்தின் மதிப்பீட்டில் வருடத்துக்கு 21,000 ரேடன் மரணங்கள். அவற்றில் ஒருபோதும் புகைக்காதவர்கள் 2,900 அளவில். கனடாவில் வருடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல்; நுரையீரல் புற்று மரணங்களில் 16 வீதம் என்கிறது சுகாதாரத் திணைக்களம்.

ஆகவே பேஸ்மென்டில் இருந்துகொண்டு தினம் ஒரு பெட்டி சிகரெட் ஊதும் அண்ணை ஒருவர் 'ரேடன் கருவி எங்கே விற்கிறது?' என்று என்னைக் கேட்டால், முதலில் சிகரெட்டை விடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்காகப் புகைக்காத அக்கா ஒருவர் இதைத் தள்ளிவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. புகைக்காதவர்களுக்கு நுரையீரல் புற்று வருவதற்குத் தெரிந்த காரணங்களில் ரேடன் முதலிடத்தில் இருக்கிறது. தவிர்க்கக்கூடியது என்று தெரிந்த பிறகு ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்றாலும் விட்டுவிட எனக்கு மனம் வராது.

ஊரில் இதைப் பற்றி நாங்கள் கேள்விப்படாததற்குக் காரணம் எளிது. எங்கள் வீடுகளில் நிலத்துக்குக் கீழே கிணறு மட்டும்தான் இருந்தது. யன்னல் திறந்தே கிடக்கும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று போய்வரும். திறந்த வெளியில் ரேடன் 5 முதல் 15 பெக்கரல். அப்படிப்பட்ட வீட்டில் அதைவிடப் பெரிதாகக் கூடாது. கனடாவில் ஒக்டோபரில் யன்னலை மூடினால் ஏப்ரல் வரை திறப்பதில்லை. குளிர்காலத்தில் வீடு ஒரு புகைக்கூண்டைப் போல வேலை செய்கிறது. சூடான காற்று மேலேறிக் கூரைப்பக்க இடுக்குகளால் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே இழுப்பு உண்டாகும். அமுக்க வித்தியாசம் ஒரு சில பஸ்கால்தான், காதுக்குத் தெரியாது. ஆனால் நிலத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை வெடிப்பு, குழாய் இறங்கும் துளை, ஃபர்னஸ் அறை மூலையில் மூடி இல்லாமல் கிடக்கும் சம்ப் பம்ப் குழி ஆகியவற்றால் மண்வாயுவை உள்ளே இழுக்க அது போதும். சுற்றிவர நிலம் உறைந்து இறுகியிருக்க, வீட்டின் அடி மட்டும் உறையாமல் கிடப்பதும் ரேடனுக்கு வசதி.

மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளிக் கடற்கரைகளைப் பற்றி ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். தென் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்த மணலில் மொனசைற் இருக்கிறது; அதில் தோரியம். கருநாகப்பள்ளியில் சுமார் எழுபதினாயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்திலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. நல்ல ஆய்வு. ஆனால் அங்கே பேச்சு காமாவைப் பற்றி. தோரியத்திலிருந்து வரும் தோரனுக்கு அரைவாழ்வு 55 செக்கன். மண்ணிலிருந்து கிளம்பி மூக்கை அடைவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். கடற்காற்று அடிக்கும் திறந்த வீடுகளின் முடிவைத் தூக்கிவந்து ஆறு மாதம் அடைத்துக் கிடக்கும் ஸ்காபரோ பேஸ்மென்டில் பொருத்தி, 'கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது' என்று வாதாடுவது பிழை.

கனடா முழுவதும் 2009 முதல் 2011 வரை சுமார் 14,000 வீடுகளில் அளந்தபோது, 6.9 வீதமான மக்கள் 200 ஐத் தாண்டிய வீடுகளில் வாழ்வதாகத் தெரிந்தது. மனிற்றோபாவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் ஏறத்தாழக் காற்பங்கு. 2024 இல் வெளிவந்த புதிய கணக்கெடுப்பில் நாட்டளவில் 17.8 வீதமான வீடுகள் 200 ஐ எட்டியோ தாண்டியோ இருந்தன. பழைய வீடுகளைவிடப் புதிய வீடுகளில் ரேடன் கூடுதல் என்பதைக் கல்கரிப் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். புது வீடு, வெடிப்பு ஒன்றும் இல்லை என்று நிம்மதி கொள்வதற்கு இடமில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ஒரே வீட்டில் மேல்தளத்தைவிடக் கீழ்த்தளத்தில் ரேடன் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். மேலே இருப்பவர் வீட்டுக்காரர். கீழே இருப்பவர் யார்? நேற்று வந்த அகதிக் குடும்பம். கொலிஜில் படிக்க வந்த பிள்ளைகள் நாலு பேர். வெளியே பனி என்று நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் வயதான அம்மா. கூடுதலாகச் சுவாசிப்பவருக்கு நிலத்தைத் துளைத்துக் குழாய் போடும் உரிமை இல்லை. உரிமை உள்ளவர் குறைவாகச் சுவாசிக்கிறார். 200 என்பது வீடுகளுக்கு ஒரு வழிகாட்டல் மட்டும்தான். தாண்டினால் தண்டம் இல்லை. வாடகை வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது. அந்த ஏற்பாட்டில் ரேடன் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. எலியட் லேக் தொழிலாளிக்குக் கிடைத்த மறுக்கும் உரிமை, பேஸ்மென்டில் குடியிருப்பவருக்கு இல்லை.

எங்கள் ஆட்களிடம் இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது; வெளிப்படையாகவே சொல்கிறேன். சில பேஸ்மென்ட்கள் நகரசபையின் அனுமதி இல்லாதவை. குடியிருப்பவர் கேட்டால் 'வேறு இடம் பாருங்கோ' என்பார்கள் என்று பயம். வீட்டுக்காரருக்கு, எதையாவது அளக்கப்போனால் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார் என்று பயம். இரண்டாவது பயத்துக்கு அடிப்படை இல்லை. தபாலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் கருவிக்கு வரும் பதில், பணம் கட்டி வாங்கியவருக்கு வரும் பதில். ஆகவே வாடகை வாங்குகிறவர்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. வாடகைக்காரர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, கேட்கமாட்டார். வந்த கடதாசியின் ஒரு பிரதியை அவரிடம் கொடுக்கவும் வேண்டும். போர்தோவில் வாசித்துவிட்டு எலியட் லேக்கில் சொல்லாமல் விட்டவர்களை நாங்கள் குறை சொன்னோம் அல்லவா?

அளப்பது மிகச் சுலபம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பி. அதற்குள் கண்ணாடித் துண்டு போன்ற பிளாஸ்டிக் சில்லு. மின்சாரம் வேண்டாம், சத்தமும் இல்லை. ரேடன் உள்ளே புகுந்து சிதையும்போது அல்பா துணிக்கை சில்லில் காயம் போடும். ஆய்வுகூடத்தில் அதைக் கோஸ்ரிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் ஒவ்வொரு காயமும் குழியாக அகலும். நுணுக்குக்காட்டியில் குழிகளை எண்ணுவார்கள். எத்தனை குழி, எத்தனை நாள் என்பதிலிருந்து பெக்கரல் வரும். முப்பது முதல் அறுபது டொலருக்குள் கிடைக்கும். ஒருவர் நாளுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் செலவிடும் மிகக் கீழான தளத்தில், மூச்சு விடும் உயரத்தில், யன்னலுக்கும் ஹீற்றர் வாய்க்கும் விலகி வையுங்கள். குளியலறையிலும் சமையலறையிலும் வேண்டாம். மூன்று மாதம், அதாவது 91 நாளாவது இருக்கட்டும். ஒக்டோபரில் வைத்தால் குளிர்காலம் முழுவதும் அகப்படும். மூன்று நாலு நாளில் முடிவு சொல்லும் சோதனையை நம்பி நல்ல செய்தி என்று இருக்காதீர்கள். ரேடன் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

200 ஐத் தாண்டினால் இரண்டு வருடத்துக்குள் திருத்தச் சொல்கிறார்கள். 600 ஐத் தாண்டினால் ஒரு வருடத்துக்குள். பதறி வீட்டை விற்கத் தேவையில்லை. நாளைக்கே குடியிருப்பவரை எழுப்பவும் வேண்டாம். வெடிப்புகளை அடைப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. சரியான வைத்தியம் இதுதான்: கொங்கிறீட் நிலத்தில் ஒரு துளை போட்டு, அடியில் கொஞ்சம் சரளையைத் தோண்டி எடுத்து, வெள்ளைப் பிவிசி குழாய் ஒன்றை இறக்கி, அதில் எந்நேரமும் ஓடும் விசிறி ஒன்றைப் பூட்டி வெளியே விடுவது. வீடு நிலத்திலிருந்து இழுப்பதற்கு முன்னால் விசிறி இழுத்துவிடும். ஒரு நாள் வேலை; செலவு சாதாரணமாக இரண்டு மூவாயிரம் டொலர் அளவில். செறிவு பத்தில் ஒன்றாகவும் அதற்குக் கீழும் இறங்குவது உண்டு. தேசிய ரேடன் சான்றிதழ் உள்ள ஒப்பந்தக்காரரைப் பிடியுங்கள். 'எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பேஸ்மென்ட் வேலை செய்வான்' என்பது இந்த வேலைக்குச் சரிவராது. புதிய வீடு வாங்கியவர்கள் உங்கள் டேரியன் உத்தரவாதப் பத்திரத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவில் புது வீட்டின் ஏழு வருட உத்தரவாதம் ரேடனையும் உள்ளடக்குகிறது. ஆறாவது வருடத்தில் இருப்பவர்கள் இந்தக் குளிர்காலத்தைத் தவறவிடாதீர்கள்.

கிறானைற் மேசைப்பலகையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதிலிருந்து வருவது பொதுவாக அற்பம். நிலத்திலிருந்து வருவதுதான் பிரதானம்.

குழாய் பூட்டிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். முதலில் சில நாட்கள், பிறகு அடுத்த குளிர்காலத்தில் ஒரு முழுச் சோதனை. அந்த வெள்ளைக் குழாயின் பக்கத்தில் U வடிவில் ஒரு சிறிய ஒளிபுகு குழாய் ஒட்டியிருப்பார்கள்; உள்ளே நிறமூட்டிய திரவம் இருக்கும். ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நின்றால் விசிறி இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி நின்றுவிட்டது. அதைக் கீழே குடியிருப்பவருக்கும் காட்டிக் கொடுங்கள். விசிறி நின்றால் உங்களுக்கு முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான்.